தகடூர்க் கரும்பு

தருமபுரிக்குத் தகடூர் என்பது பழம்பெயர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோரே கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் புறநானூற்றிலே பாடியிருக்கின்றார். ஒரு பயிர் வந்த செய்தியை அரச குலத்தின் பெருமைகளுள் ஒன்றாகப் புலவர் போற்றினாரென்றால், இனிப்பு அந்நாளில் எத்துணை அரியதாக இருந்திருக்க வேண்டும்!

அந்த அருமை நெடுங்காலம் நீடித்தது. எங்கள் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் கம்பும் விளையும் மேட்டு நிலம். நான் சிறுவனாக இருந்தபோது நாள்தோறும் களிதான். உலையில் அரிசி விழுந்தால், இன்று என்ன நோன்பு என்று கேட்போம். பொங்கலன்று வெல்லம் கரையும் மணம் தெருவெல்லாம் வீசும். பண்டிகை கழிந்தால் மீண்டும் களி, மீண்டும் காட்டு வேலை.

நீரிழிவு புதிய நோயன்று. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு அதனை அறிந்தனர் நம் பழைய வைத்தியர். மதுமேகம் என்று பெயரும் இட்டனர். மருந்துதான் இல்லை. மேல்நாட்டிலும் நோயாளியைப் பட்டினி போட்டே நாளைக் கடத்தினர். 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர்; 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பட்டினி வைத்தியம் அத்துடன் ஒழிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் ஒழியவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

2011 ஜூன் முதல் தமிழகத்தில் ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. அதனால் பசி தணிந்தது. அதனைக் குறைகூற எனக்கு நாவெழாது. ஆயினும் பண்டிகைச் சோறு மூவேளைச் சோறாயிற்று, சர்க்கரையிட்ட தேநீரும் உடன் வந்தது, உடலுழைப்போ குறைந்தது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. அதே ஆண்டில் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் வந்தது. களி தின்று வளர்ந்த மாவட்டத்திற்குக் கேழ்வரகைக் கடை வழியே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று!

என் தமக்கையார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலன்று, நண்பகலில் சர்க்கரைப் பொங்கல் உண்ணலாம் என்று காலை உணவைத் தவிர்த்தார். ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். பானை பொங்கும் வேளையில் அவருக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சும் குழறியது. அடுப்பின் வெக்கை என்றே நாங்கள் எண்ணினோம். அவர் மகள்தான் விரைந்து சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டினாள். சற்றுப் பொறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே அஞ்சுகிறேன்.

மருத்துவர் பொங்கலைத் தடுக்கவில்லை. ஊசி போட்டால் வேளை தவறாமல் உண்ண வேண்டும். இனிப்பு உண்ணும் அளவிற்குச் சோற்றைக் குறைக்க வேண்டும். கரும்பும் வெல்லமும் சர்க்கரையே என்றார். களியாயின் கேடில்லை என்று நான் வாதிட்டேன். கேழ்வரகில் நார்ச்சத்து மிகுதிதான், எனினும் 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து உண்டு, உருண்டையின் அளவைப் பாரும் என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மறு ஆண்டு தமக்கையார் காலையில் உண்ட பின்னரே அடுப்பு மூட்டினார். தை மாதத்து அவரைக்காய்ப் பொரியலும் மொச்சைக் குழம்பும் இலையில் முதலில் விழுந்தன. சோறு ஒரு கரண்டி. சர்க்கரைப் பொங்கல் எலுமிச்சங்காய் அளவு. இன்னும் சிறிது என்று அகப்பையை நீட்டிய மருமகளிடம், "அது மாட்டுப் பொங்கலுக்கு இருக்கட்டும், அம்மா" என்றார்.