ஏரி வாரியமும் திறமூல மென்பொருளும்

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. கொளவாய் ஏரியைக் கண்டு மாமல்லைக் கடற்கரை நோக்கிச் செல்வோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். ஏரியை வெட்டியவன் மன்னனாயிருக்கலாம். அதனை வாழவைத்தது ஊராரின் பராமரிப்பே. சிலர் ஆக்கிப் பலர் பயன்கொள்ளும் பொதுப்பொருள் எதற்கும் இது பொருந்தும். இக்காலத்தில் அத்தகைய பொதுப்பொருளாய் விளங்குவது திறமூல மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

பொதுப்பொருளைக் காக்கும் முறையை நம் முன்னோர் கல்லிலே பொறித்தனர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. 30 குடும்புகளினின்று குடவோலை வழியே வாரியத்தார் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். ஏரி வாரியத்திற்கு அறுவர். பொறுப்பு 360 நாள். முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். பல்லவர் காலத்திலேயே அவ்வூர் ஏரியின் வண்டல் அகற்றப் பொன் வழங்கப்பட்டது. நிதியும் நெறியும் அங்கே இணைந்து நின்றன. நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமை கிட்டியது என்னும் குறையையும் மறைத்தல் ஆகாது.

இவ்விரண்டில் ஒன்று குன்றினும் கேடு விளையும் என்பதை அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது. இணையத்தின் பெரும்பகுதி தன் மறைகாப்பிற்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலரே. முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. 2012இல் அதில் புகுந்த ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. அதன்பின்னரே பெருநிறுவனங்கள் நிதி தந்தன. பயன்கொண்டோர் பலர், வண்டல் எடுக்க முன்வந்தார் சிலர்!

நிதி இருந்தும் நெறி குன்றிய கதை வேறு. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது ஓப்பன்ஆபீஸ் மென்பொருளும் அதன் கைக்குச் சென்றது. தம் குரலுக்கு இடமிராது என அஞ்சிய ஆக்குநர் பலர் விலகி, அவ்வாண்டே தனி அறக்கட்டளை கண்டு லிப்ரேஆபீஸை வளர்த்தனர். கரையை உடையவன் மாறலாம். நீரைக் காப்போர் மனம் மாறின் ஏரி இல்லை.

கவிஞர்க்கு இதில் என்ன பங்கு எனலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கி வருகின்றது. அவ்வேரியில் நீர் மொண்டவர் நம்முள் எத்துணையோ பேர். கரைக்கு ஒரு கூடை மண் சுமந்தவர் எத்தனை பேர்?