சேது நாணயமும் ஏலச் சந்தையும்: ஒரு வரலாற்றுச் சான்றின் நிலை

அண்மையில் கொடிகாமத்தில் நண்பரொருவர், இணையவழி ஏலமொன்றில் ‘யாழ்ப்பாண அரசின் சேது நாணயம்’ என விலைக்கு விடப்பட்டிருந்த மூன்று செப்புக் காசுகளின் படங்களை எமக்குக் காட்டினார். மூன்றும் வெவ்வேறு காசுகள் எனப்பட்டிருந்தன. ஆயினும் மூன்றிலும் நந்தியின் திமிலுக்கு மேலே, ஒரே இடத்தில், ஒரே வடிவிலான சிறு குழி காணப்பட்டது. கொடிகாமச் சந்தையில் தேங்காய் வாங்குபவர்கூடத் தட்டிப் பார்த்தே விலை பேசுவார். இங்கு தட்டிப் பார்ப்பதற்கு எதுவுமில்லை, படம் மட்டுமே உண்டு.

அக்குழியே வழக்கின் மையமாகும். சேது நாணயங்கள் அச்சுகளுக்கிடையே உலோகத் துண்டை வைத்து அடித்து உருவாக்கப்பட்டவை. ஓர் அச்சிலிருந்து பல காசுகள் பிறக்கலாம். ஆனால் மண்ணில் கிடந்து அரிக்கப்பட்டதால் உண்டாகும் வடு ஒவ்வொன்றிலும் வேறுபடும். அதே வடு மூன்றிலும் திரும்ப வருமாயின், ஒரே மூலக் காசிலிருந்து எடுத்த வார்ப்பில் மூன்றும் ஊற்றப்பட்டன என்றே கொள்ளவேண்டும். விளிம்பிலே ஓடும் பொருத்துக்கோடு, மழுங்கிய எழுத்து, மேற்பரப்பில் நுண்ணிய குமிழ்த் துளைகள் என்பனவும் இதனை உறுதிப்படுத்துவன.

இவை ஏன் எமக்கு முக்கியமானவை? ஒருபுறம் நிற்கும் அரச உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் நந்தியும் ‘சேது’ என்ற தமிழ்ச் சொல்லும் கொண்ட இந்நாணயங்கள் ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை. இராமநாதபுரச் சேதுபதிகளுக்கு இவற்றை உரியதாக்கியோரும் உளர். எனினும் சுவாமி ஞானப்பிரகாசர், முதலியார் இராசநாயகம், 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்ட கொட்றிங்ரன் ஆகியோர் வழியாகவே யாழ்ப்பாண உரிமை நிலைநாட்டப்பட்டது. 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அவ்வரசுக்குச் சமகாலச் சான்றுகள் மிகக் குறைவு. யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தது. கோட்டகமக் கல்வெட்டுப் போன்றவை ஒன்றிரண்டே. எனவே ஒரு போலி வகை உண்மைத் தொகுதிக்குள் நுழையுமாயின், அச்சு வேறுபாடுகளைக்கொண்டு கட்டப்படும் காலவரிசை முழுவதுமே கோணிவிடும்.

பழைய போன்மிகளையெல்லாம் இதனுடன் சேர்த்தெண்ணுவது தவறாகும். கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய உரோமச் செப்புக் காசுகளைப் பார்த்து இலங்கையிலேயே அடிக்கப்பட்ட காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவை சில்லறைத் தேவையை நிறைவு செய்தவை, பரிவர்த்தனையில் உழைத்தவை. இன்றைய போலியோ ஒருபோதும் புழக்கத்திற்குச் செல்வதில்லை. 1859இல் மார்க்ஸ், புழக்கத்தில் தேய்ந்த நாணயம் எடை குறைந்தும் முழு நாணயமாகச் செல்லுபடியாவதையும், அவ்வாறு அது தன் குறியீடாகவே மாறுவதையும் காட்டினார். சேகரிப்பாளர் சந்தையில் இவ்வியக்கம் தலைகீழாகிறது. நாணயம் வாங்கும் கருவியாக இராது வாங்கப்படும் பண்டமாகிறது. அதன் தேய்மானமே பழமைக்கு அத்தாட்சியாக விலைபோகிறது. ஆதலாற்றான் போலி செய்வோர் தேய்மானத்தையும் பச்சைக் களிம்பையும் உற்பத்தி செய்கின்றனர்.

நண்பர் ஏல நிலையத்துக்கு முறையிட்டார். விற்பனையாளரைப் பழிக்காது, மூன்று படங்களையும் அருகருகே வைத்து, குழியைக் குறியிட்டு, ஏல இலக்கங்களையும் திகதிகளையும் தந்தார். எடையும் விளிம்புப் படமும் கேட்டார். அதுவே சரியான முறை. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி நாணயப் போன்மிகளில் ‘நகல்’ எனப் பொருள்படும் சொல் பொறிக்கப்படவேண்டும். இவற்றில் அது இல்லை.

ஆனால் அசலாக இருந்திருப்பின்? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருளை நாட்டிலிருந்து வெளியேற்றுவதைத் தடைசெய்கிறது. பழைய சேகரிப்பொன்றிலிருந்து வந்ததென்று காட்டப்படாத அசல் நாணயமும் ஐயத்துக்குரியதே. எந்த மண்ணில், எந்த அடுக்கில், எவற்றுடன் கிடந்தது என்ற செய்தியை இழந்த பின் அதுவும் பாதி ஊமையாகிவிடுகிறது. போலியைப் பற்றி முறையிடும் சேகரிப்பாளர் பலர் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. அவர்கள் காப்பது தம் முதலீட்டையே.

மூன்று காசுகளும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. சில வாரங்களின் பின், வேறொரு விற்பனையாளரின் பெயரில், அதே குழியுடன் நான்காவது காசொன்று வந்திருந்தது.