பூண்டுத் தண்டும் பசுவின் தயிரும்

எங்கள் கீழ்வேளூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே சிக்கல் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள சிவபெருமானுக்கு வெண்ணெய்நாதர் என்று பெயர். வசிட்ட முனிவர் வெண்ணெயால் இலிங்கம் பிடித்து வழிபட்டார் என்பது அத்தலத்தின் புராணம். பாலும் தயிரும் வெண்ணெயும் இறைவன் திருமேனி வரைக்கும் உயர்ந்த இதே வட்டாரத்தில், வெள்ளைப்பூண்டு பல இல்லங்களின் அடுக்களை வாயிலைத் தாண்டியதில்லை. தயிரும் பூண்டும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்த வரலாற்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். சிறிய பொருள்தான், ஆயினும், அதனுள் நாம் நாணத்தக்க செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது.

எங்கள் இல்லமும் பூண்டு புகாத இல்லமே. ஆனால், கொல்லைப்புறத்தில், கிணற்றடிக்கு அப்பால், ஓர் அம்மி கிடந்தது. அடுக்களை அம்மி வேறு, அது வேறு. என் தமக்கை தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தக் கொல்லை அம்மிக்கு வேலை வந்தது. என் தாயார் நாள்தோறும் அதில் பூண்டை நசுக்கி, நெய்யில் வதக்கி, தமக்கைக்குக் கொடுப்பார். பிறகு அம்மியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கைகால் அலம்பிக்கொண்டே உள்ளே வருவார். “பூண்டு ஆகாது என்கிறீர்களே, பாட்டி?” என்று நான் கேட்டேன். “மருந்துக்குத் தோஷமில்லையடா” என்றார் பாட்டியார். அந்த விடை எனக்கு அப்போது போதுமானதாக இருந்தது.

பூண்டு என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். ‘புல்பூண்டு’ என்னும்போது, அச்சொல் சிறு செடிகள் எல்லாவற்றையும் குறிக்கிறது. அவற்றுள் வெண்மையான கிழங்குடையது வெள்ளைப்பூண்டு. யாழ்ப்பாணத்தார் இதனை உள்ளி என்பர். மலையாளத்தார் வெளுத்துள்ளி என்பர். இதன் தாயகம் மத்திய ஆசியா. எகிப்திய மன்னன் தூத்தங்காமனின் கல்லறையை 1922இல் திறந்தபோது, அங்கும் பூண்டு இருந்தது. பிரமிடு கட்டிய தொழிலாளருக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்காகச் செலவான தொகை கல்லில் பொறிக்கப்பட்டிருந்ததாக எரோடோட்டசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். உழைப்பாளியின் உணவு என்னும் பெயர் பூண்டுக்கு அன்றே ஏற்பட்டுவிட்டது.

குளிர் நாடுகளில் விளையும் ஒருவகைப் பூண்டு, கிழங்கு முற்றுவதற்கு முன்பு நடுவிலிருந்து ஒரு பூந்தண்டை விடும். அத்தண்டு பாம்புபோலச் சுருண்டு நிற்கும். அதனைக் கொய்துவிட்டால், செடியின் ஊட்டம் பூவுக்குச் செல்லாமல் கிழங்குக்குச் செல்லும். கொய்த தண்டையும் அந்நாட்டார் வீணாக்குவதில்லை. சீனர் அதைக் கறியாகச் சமைக்கின்றனர். மேனாட்டார் அதை மசித்து, பாலேட்டிலோ கெட்டித் தயிரிலோ கலந்து தொடுகறியாக்குகின்றனர். தண்டில் பூண்டின் மணம் உண்டு. பல்லின் கடுமை அவ்வளவு இல்லை.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், இருபிறப்பாளர் உண்ணத்தகாதவற்றுள் பூண்டையும் வெங்காயத்தையும் சேர்க்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி பாகியான், நடுநாட்டு மக்கள் பூண்டும் வெங்காயமும் உண்பதில்லை என்று எழுதினார். அதற்கு விலக்காக அவர் குறித்தவர் சண்டாளர் ஒருவரே. அம்மக்கள் ஊருக்குப் புறத்தே வாழ்ந்தனர் என்றும், நகருக்குள் வரும்போது மற்றவர் விலகிக்கொள்ளும் பொருட்டுக் கட்டையைத் தட்டி ஒலி எழுப்பினர் என்றும் அவர் கூறுகிறார். பூண்டின் மணமும் ஊர்ப்புறக் குடியிருப்பும் அவருடைய குறிப்பில் அடுத்தடுத்து நிற்பதை மாணவர்கள் கருத வேண்டும்.

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. 1890இல் அமில்டன் பவர் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, மத்திய ஆசியாவில் கூச்சா என்னும் இடத்தில் பழஞ்சுவடி ஒன்றை விலைக்கு வாங்கினார். பூர்ச்ச மரப்பட்டையில் எழுதிய வடமொழிச் சுவடி அது. ஓர்ன்லே என்னும் அறிஞர் பல்லாண்டுகள் உழைத்து அதனைப் பதிப்பித்தார். இன்று அது ஆக்சுபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டுக்கும் 6ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பர். அதன் ஒரு பகுதிக்கு ‘நாவநீதகம்’ என்று பெயர். நவநீதம் என்றால் வெண்ணெய். மருத்துவ நூல்களைக் கடைந்தெடுத்த வெண்ணெய் என்பது கருத்து. அச்சுவடியின் முதல் பகுதி எதைப் பற்றித் தொடங்குகிறது தெரியுமா? வெள்ளைப்பூண்டைப் பற்றி!

விண்ணோர் அமுதத்தைத் திருடிக் குடித்த அசுரனின் தலையைத் திருமால் அறுத்தார். சிந்திய துளிகளிலிருந்து பூண்டு முளைத்தது. அசுரனின் உடலிலிருந்து வந்தமையால் அந்தணர் அதனை உண்பதில்லை. இவ்வாறு கதை சொல்கிறது அச்சுவடி. சொல்லிவிட்டு, பூண்டு தீர்க்கும் நோய்களை அடுக்குகிறது. அப்படியானால், நோயுற்ற அந்தணன் என் செய்வான்? அதற்கும் வழி காட்டுகிறது. பசுவுக்கு மூன்று இரவு ஏறக்குறையப் புல்லே கொடாமல் வைத்திருந்து, பிறகு இரண்டு பங்கு புல்லோடு ஒரு பங்கு பூண்டுத் தண்டைக் கலந்து கொடுக்க வேண்டும். அப்பசுவின் பாலையும் தயிரையும் நெய்யையும் மோரையும் அந்தணன் உண்ணலாம்; நோயும் தீரும், ஆசாரமும் கெடாது.

இப்பகுதியை முதன்முதல் படித்தபோது நான் சிரித்தேன். உடனே எங்கள் கொல்லை அம்மி நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பசுவும் எங்கள் அம்மியும் செய்த வேலை ஒன்றே. விதியை வகுத்தவர்கள், தமக்குத் தேவை வந்தபோது, விதியின் பக்கத்திலேயே ஒரு சிறு வாயிலையும் வைத்துக்கொண்டார்கள். வாயில் வைத்ததில் குற்றமில்லை. அந்த வாயில் இல்லாதவர்களை இழிவாக நினைத்ததே குற்றம்.

அக்குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிது. ஒருநாள் காலை, முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து விடை கூறினான். பழைய சோற்றுக்குப் பூண்டுத் துவையல் தொட்டுக்கொண்டு வந்திருந்தான் போலும். நான் முகத்தைச் சுளித்து, “நீ கடைசிப் பெஞ்சில், சன்னலோரம் உட்கார், காற்று வரட்டும்” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னால் சென்றான். அன்று ஒரு நாளைக்காகவே அப்படிச் சொன்னேன். அவனோ ஆண்டு முடியும் வரை அங்கேயே இருந்தான். முன்னே வா என்று நான் ஒருநாளும் அழைக்கவில்லை. கற்பித்தல் முறை பற்றி நூல்கள் பல படித்திருந்த எனக்கு அது தோன்றவில்லை. பாகியானின் குறிப்பைப் பிற்காலத்தில் படித்தபோதுதான், கட்டை தட்டும் ஒலி என் வகுப்பறையிலும் கேட்டிருக்கிறது என்று உணர்ந்தேன்.

மணத்தின் காரணத்தையாவது அன்று அறிந்திருக்கலாம். முழுப் பூண்டுக்கு மணம் குறைவு. நசுக்கும்போது அதன் உயிரணுக்கள் உடைகின்றன. ஒன்றையொன்று தொடாதிருந்த இரண்டு பொருள்கள் கலக்கின்றன. அல்லிசின் என்னும் கந்தகச் சேர்மம் பிறக்கிறது. 1944இல் இதனைப் பிரித்தறிந்தனர். தயிரிலுள்ள புரதமும் கொழுப்பும் இத்தகைய கந்தகச் சேர்மங்களைப் பற்றிக்கொண்டு மணத்தைத் தணிக்கின்றன. ஆகவே, பூண்டுக்குத் தயிர் தக்க துணை.

இப்போது எங்கள் இல்லத்தில் அதனை இவ்வாறு செய்கிறோம். மார்கழிக் குளிரில், முளைவிட்ட பூண்டுப் பற்களைத் தொட்டியில் ஊன்றினால் பச்சைத் தாள் எழும். எங்கள் மண்ணின் வெப்பத்தில் பூந்தண்டை எதிர்பார்க்க இயலாது, இளந்தாளே போதும். ஆடையோடு தோய்ந்த தயிரை மெல்லிய துணியில் கட்டி, நான்கைந்து மணி நேரம் தொங்கவிட்டால், நீர் வடிந்து வெண்ணெய்போல் கெட்டிப்படும். ஒரு கைப்பிடித் தாளைக் கல்லுப்பும் நான்கு மிளகும் வைத்து அம்மியில் மைய அரைத்து, அத்தயிரில் கலக்க வேண்டும். இளம்பச்சை நிறத்தில் வரும். தோசைக்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் தொட்டுக்கொள்ள மிக நன்று.

கொல்லை அம்மியை நான் அடுக்களைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு அம்மிகளும் அருகருகே கிடக்கின்றன; எதில் எதை அரைப்பது என்று இப்போது யாரும் பார்ப்பதில்லை. அந்த மாணவனை மீண்டும் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பில் யாரேனும் உணவின் மணத்தால் தனித்து அமர்ந்திருந்தால், இன்றே அவர் அருகில் போய் உட்காருங்கள். அவர் தூக்குப்பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று அன்போடு கேளுங்கள்.