டிவிடி ட்ரைவுக்குள் மெமரி கார்ட் விழுந்துவிட்டதா? அவசரப்படாதீர்கள்

வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள கணினி திருத்தும் கடைகளில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. மெமரி கார்ட்டைச் செருகும் இடம் என்று எண்ணி, இறுவட்டுத் தட்டின் விளிம்பிலுள்ள இடுக்கில் தள்ளிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் நாணயத்தையோ சிம் அட்டையையோ போட்டுவிடுவதும் உண்டு.

நாணயம் என்றால் பரவாயில்லை. ஆனால் இடம்பெயர்வுகளில் அல்பங்களை எல்லாம் இழந்த குடும்பங்களுக்கு, பழைய கைப்பேசியின் கார்ட்டில் இருப்பதே ஒருவருடைய கடைசிப் படமாக இருக்கலாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் தாய்மார் ஏந்தி நின்றதும் அத்தகைய படங்களைத்தான். எனவே ஒன்றை மனதில் வையுங்கள்: ட்ரைவ் பழுதானால் வேறொன்று வாங்கலாம். அந்தக் கார்ட்டை வாங்க முடியாது.

முதலில் செய்யவேண்டியது

கணினியை நிறுத்தி மின்சார வயரைக் கழற்றுங்கள். மடிக்கணினியில் கழற்றக்கூடிய பற்றரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தட்டைத் திறக்கும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தவேண்டாம். உள்ளே இறுவட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழலக்கூடியது. 15 மில்லிமீற்றர் நீளமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் மட்டுமே உள்ள மைக்ரோ எஸ்டி கார்ட் அதில் அகப்பட்டால் உடைந்துவிடும். நாணயம் என்றால் மின்சுற்றில் பட்டு ஷோர்ட் ஆகலாம்.

தட்டை வெளியே எடுத்தல்

பெரும்பாலான ட்ரைவ்களின் முகப்பில் ஊசித்துளை ஒன்று இருக்கும். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, அந்தத் துளையில் நேராகச் செலுத்தி மெதுவாக அழுத்துங்கள். தட்டு சற்று வெளியே வரும். மிகுதியைக் கையால் இழுக்கலாம். டோர்ச் அடித்துப் பாருங்கள். கார்ட் தெரிந்தால் முகப்பைக் கீழ்நோக்கிச் சரித்து எடுக்கப் பாருங்கள். குலுக்கவேண்டாம். எட்டாவிட்டால், மெல்லிய மட்டைத் துண்டொன்றின் நுனியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, கார்ட்டில் தொட்டு இழுக்கலாம். கத்தி, இரும்புச் சாவணம் வேண்டாம். அவை லேசர் வில்லையையும் கார்ட்டின் பொன்னிறத் தொடுமுனைகளையும் கீறிவிடும்.

வராவிட்டால்

பல மடிக்கணினிகளில் ட்ரைவை ஓர் அடித் திருகாணிதான் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் ட்ரைவ் முழுதாக வெளியே வரும். மேசைக் கணினியில் பக்கத் திருகாணிகளையும் இரண்டு வயர்களையும் கழற்றவேண்டும். தட்டு இல்லாமல் இறுவட்டை நேரே உள்வாங்கும் ட்ரைவ்களில் பெரும்பாலும் ஊசித்துளை இருக்காது. அவற்றைக் கடைக்காரரிடம் விடுவதே நல்லது. உங்கள் முன்னிலையிலேயே திறக்கச் சொல்லுங்கள். கார்ட்டைக் கடைக் கணினியில் போட்டுப் பார்க்க அனுமதிக்கவேண்டாம். உங்கள் குடும்பப் படங்களும் ஆவணங்களும் உங்களிடமே இருக்கட்டும்.

எடுத்த பிறகு

எஸ்டி கார்ட்டின் பிளாஸ்டிக் ஓடு வெடித்திருந்தாலும் உள்ளேயுள்ள சிப் தப்பியிருக்கலாம், எறிந்துவிடாதீர்கள். கார்ட் திறந்தால், வேறெதையும் செய்வதற்கு முன் படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றது வேறோர் ஊரிலோ நாட்டிலோ உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.