சாய்ந்த மரங்களை விறகுக்கு வெட்டுவதில் உள்ள அபாயங்கள்

சாய்ந்த மரம் என்பது, தன் எடை தூருக்கு நேர் மேலே நிற்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும் மரம். தண்டே கோணலாக வளர்ந்திருக்கலாம். தண்டு நேராக இருந்தும் கிளைகள் வெளிச்சம் தேடி ஒரே பக்கம் போயிருக்கலாம். புயலில் வேர் தளர்ந்து மரம் பாதி படுத்திருக்கலாம். விறகு வெட்டுவோருக்குக் கிடைப்பவற்றில் இத்தகைய மரங்களே மிகுதி. ஏனென்றால் நேராக வளர்ந்தது சட்டத்துக்கும் பலகைக்கும் போய்விடும், கோணலும் பட்டதும் காற்று சாய்த்ததும் அடுப்புக்கு ஒதுங்கும். அறுவை மில்லுக்குப் போகும் மரத்தை வெட்டப் பழகிய ஆளும் தகுந்த கருவியும் வருவதுண்டு. விறகு விற்கும் விலை அந்தச் செலவைத் தாங்காது. ஆக, வெட்டுவதற்கு மிகக் கடினமான மரம், அதற்குக் குறைவாகவே பழகியவரிடம் போய்ச் சேருகிறது. பயிற்சி உள்ளவர்களுக்கே இந்த வேலை எவ்வளவு கொடியது என்பதற்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கு ஒன்று போதும்: 2022-இல் அந்நாட்டில் எல்லாத் தொழில்களையும் சேர்த்து முழுநேரத் தொழிலாளர் 1,00,000 பேருக்கு 3.7 பேர் பணியில் இறந்தனர். மரம் வெட்டும் தொழிலில் அது 100.7. தன் வீட்டு அடுப்புக்காகத் தானே மரம் வெட்டுபவர் இத்தகைய தொழிற்கணக்கில் வருவதே இல்லை.

மரம் எந்தப் பக்கம் விழும் என்று சாய்வைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது, ஆகவே சாய்ந்த மரம் சுலபமான மரம் என்று பலரும் நம்புகிறார்கள். விபத்தின் தொடக்கம் இந்த நம்பிக்கைதான். திசை தெரிவது உண்மை. நேரம் தெரியாது, அடிமரம் என்ன செய்யும் என்பதும் தெரியாது. நேராக நிற்கும் மரத்தை வெட்டும்போது அதை விழவைக்கும் விசையை வெட்டுபவர் கொடுக்கிறார். சாய்ந்த மரத்தில் அந்த விசை முன்பே உள்ளே ஏறியிருக்கிறது. சாய்வின் அடிப்பக்கத்து இழைகள் நசுங்கியும் மேற்பக்கத்து இழைகள் இழுபட்டும் நிற்கின்றன, வளைத்த வில்லைப் போல. மரமும் இதை அறிந்தே வளர்கிறது எனலாம். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் சாய்வின் அடிப்பக்கத்தில் தடித்த கட்டையைச் சேர்த்துத் தம்மைத் தாங்கிக்கொள்கின்றன. பூக்கும் இனத்து மரங்களோ மேற்பக்கத்தில் இழுவைக் கட்டையை வளர்த்துத் தம்மை மேலே இழுத்துப் பிடிக்கின்றன. சவுக்கு பார்வைக்கு ஊசியிலை மரம் போலிருந்தாலும் பூக்கும் இனம்தான். இப்படி இழுபட்டு நிற்கும் மேற்பக்கத்தில் ரம்பத்தை வைப்பது, விறைப்பாக இழுத்துக் கட்டிய கயிற்றில் கத்தியை வைப்பதற்குச் சமம். அடிப்பக்கத்தில் வைத்தால் கட்டை இறுகி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும்.

சாய்ந்த பக்கமே மரத்தை விழவைக்கும்போது நேரும் மிகப் பெரிய அபாயம், அடிமரம் நெடுக்காகப் பிளப்பது. முறையான வெட்டில், விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வருவார்கள். நடுவே குறுக்களவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு பட்டையை அறுக்காமல் விடுவார்கள். கதவுக்குக் கீல் எப்படியோ, விழும் மரத்துக்கு இந்தப் பட்டை அப்படி. மரம் அதன்மேல் மடங்கி இறங்குகிறது. சாய்ந்த மரத்தில், பின்னாலிருந்து வரும் அறுப்பு கீல் அளவை எட்டும் வரை மரம் காத்திருப்பதில்லை. இன்னும் பாதிக் கட்டை அறுபடாமல் இருக்கும்போதே எடை முன்னே இழுக்கிறது. தடித்த கட்டை மடங்காது. ஆகவே அறுத்த இடத்திலிருந்து இழையோடு பிளந்துகொண்டு மேலே ஏறுகிறது. பின்பாதி ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பி, உச்சியில் ஒட்டிக்கொண்டு, அடிநுனி பின்னோக்கி வீசுகிறது. அந்த நேரத்தில் வெட்டுபவர் குனிந்து நிற்பது சரியாக அதே இடத்தில். ஆங்கிலம் பேசும் நாடுகளில் மரவெட்டிகள் இதை ‘பார்பர் சேர்’ என்கிறார்கள். பிளந்து நிற்கும் அடிமரம் பழைய சவரக்கடையின் உயர்ந்த முதுகு நாற்காலி போலத் தெரிவதால் வந்த பெயர். பெயர் வேடிக்கையாக இருக்கலாம். பிளவுக்கும் வீச்சுக்கும் இடையே ஓடித் தப்ப நேரம் கிடைக்காது.

பாட்டன் காலத்தில் கோடாரியால் எல்லா மரத்தையும் வெட்டினார்களே, அப்போது இந்தப் பேச்செல்லாம் இருந்ததா என்று கேட்கலாம். கோடாரி வெட்டிலும் சாய்ந்த மரம் பிளக்கும். பிளப்பது கருவியைப் பொறுத்ததன்று, மீந்திருக்கும் கட்டையின் கனத்தைப் பொறுத்தது. ஆனால் கோடாரிக்காரருக்கு இரண்டு வசதிகள் இருந்தன. கைப்பிடியின் நீளத்துக்கு அவர் தள்ளி நின்றார். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே மரம் முனகுவதைக் கேட்க அமைதி இருந்தது. சங்கிலி ரம்பம் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடி, காதை அடைத்து, ஆளை அடிமரத்தோடு ஒட்டி நிற்க வைக்கிறது. மரம் பிளப்பதற்குள் வேகமாக அறுத்து முடித்துவிடலாம் என்பது ரம்பக்காரர்களின் பதில். மரத்தோடு ஓட்டப்பந்தயம் வைப்பது அது. ரம்பம் ஒருமுறை திணறினாலும் தோல்வி. பந்தயமே வேண்டாத ஒரு முறை உண்டு. முன்வாயை ஆழமில்லாமல் வெட்டிவிட்டு, ரம்பத்தின் நுனியைக் கீலுக்குப் பின்னால் பக்கவாட்டில் செருகி மறுபக்கம் வரை துளைக்க வேண்டும். பிறகு பின்னோக்கி அறுத்து, பின்விளிம்பில் ஒரு பட்டையைக் கட்டுப்போல விட்டுவிட வேண்டும். கீல் தன் அளவுக்கு வந்தபின் கடைசியாக அந்தப் பின்பட்டையை அறுத்தால் மரம் ஒரே வீச்சில் மடங்குகிறது. செருகும்போது ரம்ப நுனியின் மேல்முனை கட்டையில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும் என்பதால், பழகாதவர் செய்யக்கூடிய வெட்டு அன்று இது.

சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மரத்தை இறக்க நினைப்பது வேறொரு சிக்கல். சாய்ந்த பக்கம் வீடோ மின்கம்பியோ இருக்கும்போது இப்படி நினைக்கிறார்கள். இதில் ஆசைக்கும் கணக்குக்கும் உள்ள தூரம் பெரிது. 40 செ.மீ. குறுக்களவும் 12 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். கீலிலிருந்து பின்விளிம்புக்கு 30 செ.மீ. என்றால், அங்கே அடிக்கும் ஆப்பு மரத்தை 2.5 செ.மீ. தூக்கினால் உச்சி 1 மீட்டர் மட்டுமே நகரும். உச்சி 3 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்துக்கு அந்த ஆப்பு எந்த மூலைக்கு? சரி, கயிறு கட்டி இழுக்கலாம் என்பார்கள். மரத்தின் எடை 800 கிலோ, எடைமையம் தூரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளியிருக்கிறது, கயிறு 6 மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறது என்றால், அறுத்தபின் மரத்தைச் சும்மா விழாமல் பிடிப்பதற்கே கிடைமட்டமாக 200 கிலோ விசை வேண்டும். தரையில் காலூன்றி இழுக்கும் ஓர் ஆளின் விசை பெரும்பாலும் 50 கிலோவை எட்டாது. நான்கு பேர் உயிரைக் கொடுத்து இழுத்தாலும் மரம் நிமிராது. ஒருவர் கால் வழுக்கினால் மற்ற மூவரையும் கயிறு இழுத்துக்கொண்டு போகும். இழுப்பவர்கள் நிற்கும் இடமோ மரம் விழ வேண்டிய இடமேதான். கயிறு மரத்தின் உயரத்தைவிட நீளமாக இல்லாவிட்டால் வெற்றியே அவர்கள் தலையில் விழும்.

பக்கவாட்டுச் சாய்வில் கீல் முறுகி ஒரு ஓரத்தில் கிழிந்து மரம் திரும்பிவிடுகிறது. இழுபடும் பக்கத்தில் கீலைத் தடிப்பாக விடுவது இதற்காகவே. எந்தச் சாய்வானாலும் ஓடும் வழியை வெட்டுக்கு முன்பே ஒதுக்கி வைக்க வேண்டும். அது மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது, ஏனென்றால் அடிமரம் பின்னுக்கு எகிறும். பின்னால் வலமோ இடமோ 45 பாகை விலகிய பாதையே சரி. சீமைக் கருவேலங்காட்டில் இது சொல்வதற்குச் சுலபம். தூரிலிருந்தே நான்கைந்து தண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, முள்ளால் பின்னிக் கிடக்கும் மரம் அது. தண்டு சிறியது என்று வழி ஒதுக்காமல் வெட்டுபவர், திரும்பினால் முள்வேலியில் மாட்டுகிறார். வேலிகாத்தான் என்று அதற்கு இன்னொரு பெயர்.

விறகுக்காரர் விரும்பித் தேடுவது காய்ந்த மரத்தை. உடனே எரியும், சுமக்க இலேசு. ஆனால் பச்சை மரத்தின் இழை மடங்கும். பட்ட மரத்தின் இழை மடங்காமல் ஒடியும். அதாவது கீலை நம்பி வெட்டவே முடியாத மரம் அது. வயதான புளியமரத்தில் உள்ளே பொந்து விழுந்திருப்பது சாதாரணம். அங்கே கீல் வைக்கக் கட்டையே இராது. புயல் சாய்த்த மரங்கள் இன்னும் மோசம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரையொட்டியும், 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யத்தையொட்டியும் கரையேறியபோது, தோப்புதோப்பாக மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. இப்படி நிற்கும் மரத்தில் வேரடி மண்ணோடு பெயர்ந்து தட்டுப்போல நிமிர்ந்திருக்கும். தண்டை அறுத்து எடை நீங்கியதும் அந்தத் தட்டு பழைய குழிக்கே படாரென்று திரும்பலாம். குழிக்குள் நின்றவர் மண்ணுக்கும் வேருக்கும் இடையே நசுங்குவார். வேறொரு மரத்தில் மாட்டித் தொங்கும் மரத்தை விடுவிக்கத் தாங்கும் மரத்தை வெட்டுவது அதைவிட மடமை. அப்போது இரண்டும் ஒருவர்மேல் வரும்.

ஏழை அடுப்புக்கு விறகு வேண்டாமா என்பதுதான் கடைசியாகவும் நியாயமாகவும் எழும் கேள்வி. வேண்டும். தலைச்சுமையாக விறகு கொண்டுவரும் பெண்கள் பொறுக்குவது பெரும்பாலும் தரையில் விழுந்த சுள்ளியையும் ஒடித்தெடுக்கும் கிளையையும்தான். இங்கே சொன்ன அபாயம் எதுவும் அவர்கள் முறையில் இல்லை. ரம்பத்தோடு வருபவருக்கும் வழி இருக்கிறது. மரமேறப் பழகியவர் கிடைத்தால், சாய்ந்த பக்கத்துக் கிளைகளை முதலில் கழித்து, கயிற்றில் கட்டி இறக்கி, தண்டை மேலிருந்து துண்டு துண்டாகக் குறைக்கலாம். கிளை போகப்போக எடைமையம் தூரை நோக்கி வருவது கூடுதல் லாபம். பட்ட மரத்திலும் வேர் பெயர்ந்த மரத்திலும் ஆள் ஏறவே கூடாது என்பதால் அவற்றுக்கு இந்த வழியும் இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, மரம் வெட்டும் இடத்திலிருந்து மற்றவர்கள் குறைந்தது மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் விலகியிருக்க வேண்டும் என்கிறது. 12 மீட்டர் மரத்துக்கு 24 மீட்டர். பழகிய ஆளும் அந்த இடைவெளியும் கிடைக்காத இடத்தில், சாய்ந்த மரத்தை விறகுக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதே சரி.