காதுக்கு எட்டாத ஓசையின் கதை

காரை ரிவர்ஸ் எடுக்கும்போது, சுவர் நெருங்க நெருங்க ‘பீப் பீப்’ என்று வேகமெடுக்கும் சத்தம் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். ஆனால் சுவரைக் கண்டுபிடிப்பது அந்தச் சத்தம் அல்ல. நமக்குக் கேட்காத வேறோர் ஓசை. மனிதக் காது நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதைத் தாண்டியதை மீயொலி என்கிறோம். பம்பரில் இருக்கும் சென்சார்கள் பெரும்பாலும் 40,000 அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்வுகள் கொண்ட ஓசையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கின்றன. சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 6 மில்லிநொடி, அவ்வளவுதான்.

இந்த வித்தை வௌவாலுக்கு நமக்கு முன்பே தெரியும். 1790-களில் இத்தாலியின் ஸ்பல்லன்சானி, பார்வை பறிக்கப்பட்ட வௌவால்களும் எதிலும் மோதாமல் பறப்பதைக் கண்டார். சுவிட்சர்லாந்தின் ஜூரின் அவற்றின் காதுகளை அடைத்தார். உடனே முட்டி மோதின. காதால் வழி தெரிகிறது என்ற முடிவை அன்று பலர் ஏற்கவில்லை. யாருக்கும் கேட்காத ஓசையை எப்படி நம்புவது? 1938-ல் ஹார்வர்டு மாணவர் கிரிஃபின், பேராசிரியர் பியர்ஸ் செய்த கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அந்த ஓசை பிடிபட்டது.

மனிதன் அதை உண்டாக்கக் கற்றது வேறு வழியில். 1880-ல் பாரிஸில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும், குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும் என்பதும் பிறகு உறுதியானது. 1912-ல் டைட்டானிக் மூழ்கி 1,500 பேர் போல இறந்ததும், கடலில் எதிரே இருப்பதை முன்கூட்டியே அறியும் வழியைப் பலர் தேடினார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கியபோது தேடல் அவசரமானது. பியர் கியூரியின் மாணவர் லாஞ்செவின், குவார்ட்ஸ் தகடுகளால் தண்ணீருக்குள் மீயொலியை அனுப்பி, நீர்மூழ்கியில் பட்ட எதிரொலியைக் கேட்டார். சோனார் பிறந்தது.

அடுத்து, உலோகத்துக்குள் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்தன. கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, இரும்பைப் பார்க்கும் கருவி உடம்பைப் பார்க்காதா என்று யோசித்தார். 1955-ல், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்கே போய்ச் சோதித்தார். பிறகு, குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருப்பது கருப்பை அருகே உள்ள சாதாரண நீர்க்கட்டிதான் என்று மீயொலி காட்டியது. அதை அகற்றினார்கள், அவர் பிழைத்தார். 1958-ல் டொனால்டும் அவர் தோழர்களும் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எடுக்கும் ஸ்கேன் வளர்ந்தது.

கவனித்தீர்களா? வௌவால், நீர்மூழ்கி, ஸ்கேன், கார் பம்பர், தண்ணீர்த் தொட்டியின் மட்டம் காட்டும் சென்சார் எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான்: ஓசையை அனுப்பு, எதிரொலிக்குக் காத்திரு. மீயொலி இவற்றில் யாரையும் விரட்டுவதில்லை; எங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மீயொலியால் கொசுவை விரட்டும் என்று சொல்லி விற்கும் பிளக் கருவியை நம் வீடுகளிலும் மாட்டியிருக்கலாம். இத்தகைய கருவிகளைப் பற்றிய 10 கள ஆய்வுகளை 2007-ல் ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அலசியது. கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மனிதர்மேல் வந்து உட்காரும் கொசுக்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை என்பதே பத்தின் முடிவும்.

கருவியின் சிறு விளக்கு எரிவதைப் பார்த்துத் தைரியமாகக் குழந்தையை வலையில்லாமல் தூங்க வைத்துவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் கொசு பகலிலும் கடிக்கும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நல்ல தண்ணீரே அதற்குப் போதும். இன்றே பால்கனியில் ஒரு சுற்று வந்து, தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். வலையைக் கட்டுங்கள். கேட்காத ஓசையை நம்பலாம். அது எதிரொலியோடு திரும்பி வரும் இடங்களில்.