செவ்வாயில் ஒரு ரீஸ்டார்ட்

அசைன்மென்ட் குடுக்கிற கடைசி இரவுதான் லப்டொப் இழுபடும். நாங்கள் டைப் பண்ணுற எழுத்து அரை நிமிஷம் கழிச்சு வரும். பார்த்தால், பின்னால ஏதோ ஒரு அப்டேட் ஆறுதலா ஓடிக்கொண்டிருக்கும். ‘இது முக்கியம், அது பிறகு’ என்று கணினிக்கு ஏன் விளங்குதில்லை? நான் கலைப்பீடம், கோட் எழுதத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு.

1961இல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும் முறையொன்றைச் செய்துகாட்டியது. நேரத்தை யாருக்கு முதல் கொடுப்பது என்ற பிரச்சினை உடனேயே வந்தது. அவர்களுடைய வழி: கெதியில முடியும் வேலைக்கு முதலிடம், இழுத்துக்கொண்டே போகும் வேலை வரிசையில் கீழே இறங்கும். பிறகு வந்த யுனிக்ஸில் ‘நைஸ்’ என்றே ஒரு கட்டளை இருக்கு. அந்த எண் கூடக்கூட, உங்கட புரோகிராம் மற்றவைக்கு வழிவிடும். சாதாரண ஆள் தன்ட வேலையைத் தாழ்த்தலாம். உயர்த்த நிர்வாகியின் அனுமதி வேணும். (எங்கட கந்தோர்களை யோசிச்சுப் பாருங்கள்.)

ஆனால் வரிசை போட்டால் மட்டும் போதாது. அது பெரிசாகத் தெரிய வந்த இடம் செவ்வாய்க் கிரகம்.

1997 ஜூலை 4இல் நாசாவின் பாத்ஃபைண்டர் அங்கே இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் அன்றைய மிச்ச வேலை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. உள்ளே நடந்ததை இப்படி விளங்கப்படுத்தலாம்.

வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஃப்ளட். அலுமாரிக்கு ஒரே சாவி, அது இப்போ தம்பியிட பொக்கற்றில. அப்பா வேலைக்கு வெளிக்கிட்டு, அடையாள அட்டை எடுக்க நிற்கிறார். தம்பி சாவியைத் திருப்பிக் குடுக்க இரண்டு நிமிஷம் போதும். அதுக்குள்ள அக்கா அவனைப் பாண் வாங்க அனுப்பிவிடுகிறா. பிறகு முட்டை, பிறகு ரீலோட். அக்காவுக்கும் அப்பாவுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனாலும் வீட்டில முதல் ஆளான அப்பா, பாணுக்காகக் காத்து நிற்கிறார்.

பாத்ஃபைண்டரில் தம்பி, வானிலைத் தரவு சேர்க்கும் சின்ன வேலை. அப்பா, கலத்தின் பாகங்களுக்கிடையே தகவல் போய்வரும் பாதையைப் பார்க்கும் முக்கிய வேலை. இடையில் நடுத்தர வேலைகள் பல. முக்கிய வேலை நேரத்துக்கு முடியாததைக் கண்ட கண்காணிப்பு முறை, ‘ஏதோ பிழை’ என்று எல்லாத்தையும் திரும்பத் தொடக்கியது.

தீர்வு ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. லூய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜோன் லெஹோஸ்கி மூவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரை அது. ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகம் போனவர். அவர்கள் சொன்னது: சாவி தம்பியிடம் இருக்கும்வரை, அப்பாவின் முக்கியத்துவம் தம்பிக்கும் உண்டு. அந்த நேரம் அக்கா அவனைக் கடைக்கு அனுப்பேலாது. சாவியைக் குடுத்ததும் அவன் பழையபடி தம்பி. எனக்கு இதில பிடிச்சது, சின்ன வேலையை யாரும் நிறுத்தச் சொல்லேல்லை என்பதுதான். நாங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘எண்ட் டாஸ்க்’ அமத்தியிருப்பம்.

கலத்தில் ஓடிய விஎக்ஸ்வேர்க்ஸ் இயங்குதளத்தில் இந்த வசதி இருந்தது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட பூட்டுக்கு அது ஓஃப். பொறியியலாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் அதே கோளாறை வரவழைத்து, காரணத்தைப் பிடித்து, மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீஸ்டார்ட் நின்றது. புறப்பட முதல் நடந்த சோதனைகளிலும் இது தலைகாட்டியிருந்தது. திரும்ப வரவைக்க முடியவில்லை. அப்போது எல்லாருடைய கவனமும் தரையிறங்கும் மென்பொருளில். குறை சொல்லேலாது, இறங்காவிட்டால் வானிலை எதுக்கு?

அந்த டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாடு. விஎக்ஸ்வேர்க்ஸைச் செய்த நிறுவனத்தின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். தீர்வை எழுதியவர்களின் பெயர் நினைவில்லை என்று மன்னிப்பும் கேட்டார். மூவரும் அதே அறையில் இருந்தார்கள். எழும்பச் சொன்னதும் எழும்பி நின்றார்கள், சபை கைதட்டியது.